மிரட்டும் முன்னாள் காதலர்: பணிவதா, மோதுவதா, முந்திக்கொண்டு சொல்லிவிடுவதா?

திருமணத்துக்கு வெளியே ஓர் உறவு. கொஞ்ச காலம் ஓடி, ஏதோ ஒரு மனக்கசப்பில் முடிந்துபோகிறது. அப்புறம் ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு ஒரு வாட்ஸப் செய்தி: "நம்ம சாட் எல்லாம் இன்னும் என்கிட்டதான் இருக்கு." மிரட்டல் என்று எடுத்துக்காட்ட அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படித்தவருக்கு அன்றைய தூக்கம் போச்சு.

விடிவதற்குள் மனதில் ஓடும் வழிகள் அநேகமாக ஐந்துதான். கேட்பதைக் கொடுத்துவிடலாம். பேசிச் சமாளிக்கலாம். "உன் வண்டவாளமும் என்னிடம் இருக்கிறது" என்று எகிறலாம். வீட்டில் தானே சொல்லிவிடலாம். சட்டத்திடம் போகலாம். இவற்றில் எது நல்லது, எது ஒழுக்கம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த உறவே சரியா தவறா என்பதும் வேறு நாளைக்கான பேச்சு. ஒவ்வொரு வழியையும் ஒரே ஒரு கேள்வியால் உரசிப் பார்க்கிறேன்: இதைச் செய்து முடித்த பிறகு பிடி யார் கையில் இருக்கும்?

ஏனென்றால் இந்த விவகாரத்தில் பிடி ஒரே இடத்தில் நிற்பதில்லை. உறவு நடக்கும்போது, அது யாருக்குக் குறைவாகத் தேவையோ அவர் கை ஓங்கியிருக்கும். அழைப்பை எடுக்காமல் விடுவார், "இந்த வாரம் முடியாது" என்பார், மற்றவர் காத்திருப்பார். முடிந்த பிறகு கணக்கு தலைகீழ். இழப்பதற்கு யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவர் கை ஓங்குகிறது. குடும்பமும் வேலையும் நல்ல பெயரும் உள்ளவர்தான் இப்போது ஃபோனை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார். காக்க வைத்தவர் காத்திருப்பவராகிவிட்டார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது இதுதான்.

மூன்றாவதாக ஒரு திருப்பமும் உண்டு. மிரட்டல் எழுத்தில் வந்த நொடியில் நடப்பது அது. அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. கடைசியில் வருகிறேன்.

கொடுத்துவிடுவது

அமெரிக்காவின் முதல் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டனைப் பாருங்கள். 1791இல் மரியா ரெனால்ட்ஸ் என்ற திருமணமான பெண்ணோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் மரியாவின் கணவர் ஜேம்ஸ் வந்து நின்றார். கேட்டது 1,000 டாலர். ஹாமில்டன் 600, பிறகு 400 என்று இரண்டு தவணையில் கொடுத்தார். அதோடு முடிந்ததா? கணவரே "வந்து போய்க்கொண்டிருங்கள்" என்று கடிதம் எழுதினார். பிறகு சின்னச் சின்னக் "கடன்கள்" கேட்டுக்கொண்டே இருந்தார். 1792 கடைசியில் அந்த ஜேம்ஸ் வேறொரு மோசடி வழக்கில் சிக்கியபோது, ஹாமில்டன் கொடுத்த பணமே அவருக்கு எதிரான சந்தேகமாக மாறியது. அரசாங்க ரகசியத்தை வைத்து இந்த ஆளோடு சேர்ந்து சூதாடுகிறாரோ என்று காங்கிரஸ் உறுப்பினர்கள் மூன்று பேர் நேரில் வந்து கேட்டார்கள். அது லஞ்சமில்லை என்று நிரூபிக்க, அது கள்ள உறவு என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பணம் கொடுப்பதில் உள்ள சிக்கல் அத்தனையும் இந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. விலைக்கு வாங்குவது ரகசியத்தை அல்ல, அடுத்த தவணை வரைக்குமான அவகாசத்தை. படத்தை "டெலிட் பண்ணிட்டேன்" என்று காட்டுவதற்கு ஒரு மதிப்பும் கிடையாது; பிரதி எடுத்தது எத்தனை என்று எடுத்தவருக்கு மட்டுமே தெரியும். கொடுத்த பணம் வங்கிக் கணக்கில் இன்னொரு தடயமாக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட, முதல் தவணை ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது: இவரை அழுத்தினால் பணம் வரும்.

ஆனால் முன்னாள் காதலர்களிடையே பணம் கேட்பதாவது பேரத்துக்குள் அடங்கும் விஷயம். அதைவிடச் சிக்கலானது "திரும்பி வா" என்ற மிரட்டல். "பிளாக்கை எடு." "ஒரே ஒரு தடவை நேரில் வா." "குட்நைட் சொல்லாமல் தூங்கினால் உன் வீட்டுக்காரருக்கு ஃபோன் போகும்." இங்கே கேட்கப்படுவது கவனம். அதனால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பதிலும் ஒரு தவணைதான். அழுதாலும் தவணை, திட்டினாலும் தவணை, "ஏன் இப்படிப் பண்ணுற" என்று கெஞ்சினாலும் தவணை. பணம் கேட்பவருக்கு ஒரு தொகையில் ஆசை அடங்கலாம், அடங்காமலும் போகலாம்; கவனம் கேட்பவருக்கு அப்படி ஒரு தொகையே இல்லை. இந்த இரண்டு வகைக்கும் ஒரே மருந்து என்று நினைத்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள். அந்த "ஒரே ஒரு தடவை நேரில்" என்பதற்கு மட்டும், யார் என்ன சொன்னாலும், தனியாகப் போகக் கூடாது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பேசுவது, எகிறுவது, சவால் விடுவது

பேசிச் சமாளிப்பது எப்போதாவது பலிக்கும். மிரட்டியவர் குடிபோதையிலோ ஆத்திரத்திலோ எழுதி, காலையில் வெட்கப்படும் ஆளாக இருந்தால். அப்படிப்பட்டவருக்கு, "நேற்று நீ எழுதியது மிரட்டல். மறுபடி எழுதினால் நான் இதை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடத்துக்குப் போவேன்" என்று ஒரே ஒரு செய்தி போதும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், பேச்சு வேலைக்கு ஆகாது என்று அர்த்தம்.

"உன் படமும் என்னிடம் இருக்கிறது" என்று திருப்பி மிரட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவரை ஒரு குற்றவாளிதான் இருந்தார்; இப்போது இரண்டு பேர்.

சவால் விடுவதற்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி உண்டு. 1825இல் லண்டனில் ஹாரியட் வில்சன் என்ற பெண் தன் வாழ்க்கை நினைவுகளை வெளியிட்டார். பிரபுக்களும் படைத் தளபதிகளும் அவருடைய பழைய காதலர்கள். புத்தகத்தில் பெயர் வராமல் இருக்க 200 பவுண்டு என்று அவர்களுக்கு ஓலை போனது. வெல்லிங்டன் கோமகன், "போட்டுக்கொள், நாசமாய்ப் போ" என்று பதில் அனுப்பியதாகச் சொல்வார்கள். அப்படியே எழுதினாரோ இல்லையோ, அவர் பெயர் புத்தகத்தில் வந்தது. 1828இல் அவர் பிரதமரும் ஆனார்.

இந்தக் கதையைச் சொல்லி "தைரியமாக இரு" என்று முதுகில் தட்டுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. வெல்லிங்டன் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். ஒரு புத்தகத்தால் அவரைச் சாய்க்க முடியாது. ஹாரியட்டின் பக்கம் நின்று பாருங்கள்: இளமையில் மொய்த்தவர்கள் விலகிவிட்டார்கள், கையில் மிச்சம் இருந்தது நினைவுகள் மட்டும், அதை அவர் விற்றார். செய்தது மிரட்டல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த உறவுகள் நடந்தபோது பிடி யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதோடு, ஒரே படம் வெளியானால் ஆணுக்கு அது சில மாதப் பேச்சு. பெண்ணுக்கு வேலை, குழந்தைகள், சில வீடுகளில் உயிர் என்று போகும். "வெளியிட்டுக்கொள்" என்பது எல்லோர் வாய்க்கும் ஒரே விலையில் கிடைக்கும் வார்த்தை இல்லை.

தானே சொல்லிவிடுவது

மிரட்டுபவரின் கையில் இருப்பது ஒரே ஒரு தோட்டா. அது யாரை நோக்கிக் குறிவைக்கப்பட்டிருக்கிறதோ, அவரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிட்டால் தோட்டா வெறும் சத்தமாகிவிடும். பிடி யார் கையில் என்ற என் கேள்விக்கு இதுபோல் முழுப் பதில் தரும் வழி வேறில்லை. விலையும் இதற்குத்தான் அதிகம், திருமணமே முறியலாம்.

இதிலும் ஹாமில்டன் ஒரு பாடம், தலைகீழான பாடம். 1792இல் அந்த மூவரிடம் ஒப்புக்கொண்டது வெளியே கசியாமல் இருந்தது. 1797இல் விஷயம் அச்சில் வந்ததும், தன் நேர்மையை நிலைநாட்ட அவரே 95 பக்கத்தில் எல்லாவற்றையும் விளக்கிப் பிரசுரம் வெளியிட்டார். கடிதங்கள் உட்பட. கருவூலப் பணத்தில் கை வைக்கவில்லை என்பது அதில் தெளிவானது. மனைவி எலிசாவின் மானம் அந்தத் தெளிவுக்கு விலை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரை விட்டு ஊருக்கே சொன்னார். சொல்வது என்று முடிவெடுத்தால், துணையிடம், தனியாக, சுருக்கமாக, மிரட்டல் நடக்கிறது என்பதையும் சேர்த்து. ஃபோனைத் திறந்து சாட்டை வரிவரியாகக் காட்டுவது ஒப்புதல் இல்லை, இன்னொரு காயம். பாதியைச் சொல்லி மீதியை வைத்துக்கொள்வதும் ஆபத்து. அந்த மீதிதான் அடுத்த தோட்டா.

ஒரு நிலைமையில் மட்டும் இந்த வழி கூடவே கூடாது. துணை கை நீட்டுபவராக இருந்தால், முதலில் பாதுகாப்பான இடமும் நம்பிக்கையான ஒரு ஆளும். சொல்வதெல்லாம் அப்புறம்.

சட்டத்திடம் போவது

2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனின் காருக்குள் ஒரு பொட்டலம் கிடந்தது. லெட்டர்மேனுக்குத் தன் அலுவலகப் பெண்களோடு இருந்த உறவுகளைத் திரைக்கதைபோல எழுதி, 20 லட்சம் டாலர் கேட்டிருந்தார் ஒரு தயாரிப்பாளர். அந்தப் பெண்களில் ஒருவர், ஒரு காலத்தில் அந்தத் தயாரிப்பாளரோடு வாழ்ந்தவர். லெட்டர்மேன் நேராக அரசு வழக்கறிஞரிடம் போனார். போலியான காசோலை கொடுக்கப்பட்டது, ஆள் பிடிபட்டார், அக்டோபர் 1 அன்று தன் நிகழ்ச்சியிலேயே லெட்டர்மேன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மிரட்டியவர் மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். முதலாளி ஊழியர்களோடு வைத்த உறவு என்பதால் லெட்டர்மேனுக்கு நான் கைதட்டப் போவதில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் புகார், பிறகு கைது, அப்புறம் தானே வெளியே சொன்னது. ஹாமில்டனுக்கு வாய்க்காத வரிசை.

முன்பு சொன்ன மூன்றாவது திருப்பம் இதுதான். மிரட்டல் எழுத்தில் வரும் வரை குற்றவுணர்வு உங்களிடம் மட்டும் இருந்தது. வந்த பிறகு, சட்டத்தின் கண்ணில் குற்றம் செய்தவர் அவர். இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் மணம்கடந்த உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. தென்கொரியாவில் 2015இலேயே அப்படி ஆகிவிட்டது. மிரட்டிப் பறிப்பதோ குற்றமாகவே இருக்கிறது. அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினாலே போதும், வெளியிட வேண்டியதில்லை என்று இங்கிலாந்து 2021இல் சட்டத்தைத் திருத்தியது. இன்னும் மணம்கடந்த உறவையே குற்றமாக வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. அங்கே இருப்பவர் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி.

ஆகவே அந்தச் செய்தியைப் பார்த்ததும் பலர் முதலில் செய்வதுதான் மிகப் பெரிய தவறு: அருவருப்பில் மொத்த சாட்டையும் அழித்துவிடுவது. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் எண்ணும் தெரியும்படி. வாய்ஸ் நோட்டைச் சேமியுங்கள். பிளாக் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. படம் இருக்கிறது என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. உங்கள் படம் ஃபோனை விட்டு வெளியே போகாது. படத்தின் கைரேகைபோல ஒரு குறியீடு மட்டும் உருவாகி, சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏறினால் தடுக்க அது உதவும். வாட்ஸப்பில் ஒருவருக்கு நேரடியாக அனுப்புவதை அதனால் தடுக்க முடியாது. படம் வெளியே வந்துவிட்டால், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்றது இந்தியாவின் 2021 விதி; 2026இல் அந்த அவகாசம் 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் 2025இல் வந்த சட்டம் 48 மணி நேரம் தருகிறது.

பலவீனமும் உண்டு. புகார் வாங்குபவர் "உனக்கு ஏன் இந்த வேலை" என்று தொடங்கலாம். விசாரணையில் விஷயம் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. என்னைக் கேட்டால், துணையிடம் சொல்வதும் சட்டத்திடம் போவதும் இரண்டு வழிகள் இல்லை; ஒரே வழியின் இரண்டு கால்கள். ஒன்றை மட்டும் வைத்தால் நொண்டும்.

இதை மறுபக்கம் இருந்து படிப்பவரும் இருப்பார். ஏமாற்றப்பட்டவர், கொடுத்த கடன் திரும்பாதவர், "கல்யாணத்தை முறித்துவிட்டு வருகிறேன்" என்ற வாக்கை நம்பி வருடங்களைத் தொலைத்தவர். அவருடைய வலி பொய்யில்லை. கடன் என்றால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். அது நியாயமான கடன். அதே தொகையை "இல்லாவிட்டால் உன் மனைவிக்குத் தெரியும்" என்ற வரியோடு சேர்த்துக் கேட்டால், கடன் உண்மையாகவே இருந்தாலும், வழக்கு அவர் மேல் திரும்பும். டைப் செய்து வைத்த அந்த இரண்டாவது வரியை அனுப்பாதவரை பணம் கேட்கும் உரிமை அவரிடம்தான் இருக்கிறது.