ட்ராக் டேக்குக் கம்பனி பிரேக் போதுமா? திருமலையிலிருந்து போகிறவர்களுக்காக

ட்ராக் டே என்றால் நம் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற நாள். திருகோணமலையில் பந்தயத் தடம் கிடையாது. பன்னலவுக்கோ கட்டுக்குருந்தைக்கோ போய்த்தான் ஓட்ட வேண்டும். கிட்டத்தில் இருக்கிற பன்னலவுக்கே கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காரை ஏற்றிப் போக ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஓட்டிப் போகிற காரைத்தான் தடத்தில் இறக்குகிறோம், மாலையில் அதிலேயே வீட்டுக்கும் வருகிறோம். ஆகவே எந்த பிரேக்கை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். தடத்தில் சூடேறிய பிறகும் பிடிக்குமா? ஹபரணைக் காட்டில் இருட்டுகிற நேரம் யானை குறுக்கே வந்தால், ஆறிக் கிடக்கிற பிரேக் முதல் மிதியிலேயே பிடிக்குமா?

வழிகள் மூன்று. கார் வந்தபடியே, கம்பனி பிரேக்கோடு விடுவது ஒன்று. சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்க்கையும், பேடை அதன்மேல் அமுக்கிப் பிடிக்கிற கலிப்பரையும் தொடாமல் பிரேக் ஒயிலையும் பேடையும் மட்டும் மாற்றுவது இன்னொன்று. பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் கலிப்பர் என்று முழு கிட் போடுவது மூன்றாவது.

கம்பனி பிரேக்கைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஒரு தடவை மிதித்து நிறுத்த அது தாராளமாகப் போதும். ஏபிஎஸ் (சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கிற அமைப்பு) வேலை செய்கிற அளவுக்கு மிதிக்க முடிகிறதென்றால், அதற்கு மேல் காரை நிறுத்துவது டயரின் பிடிதான். பெரிய கலிப்பர் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரம் பெரிதாகக் குறையாது.

சிக்கல் திரும்பத் திரும்ப மிதிப்பதில் இருக்கிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 130 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறங்கினால் சுமார் 510 கிலோஜூல் சக்தி வெப்பமாக மாறும். அதில் 70 வீதம் முன்பக்கம் போகிறது, முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் டிஸ்க்கின் சூடு 80 பாகை அளவுக்கு ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சில சுற்றுகளிலேயே, வீதிக்கென்று செய்த பேட் தாங்கும் எல்லையை நெருங்கிவிடலாம்.

அப்போது பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பேட் சூட்டில் தளர்ந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் குமிழி வந்து, பெடல் மெத்தென்று தரைவரை இறங்கிவிடும். முதலாவது கொஞ்சம் கொஞ்சமாக வரும், வேகத்தைக் குறைத்துத் தப்பலாம். இரண்டாவது பெரும்பாலும் சொல்லாமல் வரும். அதனால்தான் என் பட்டியலில் பேடுக்கு முன்னால் ஒயில் நிற்கிறது.

பிரேக் ஒயிலுக்கான டொட் 4 தரத்தின்படி புது ஒயில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக் கூடாது. அதே ஒயில் 3.7 வீதம் நீரை உறிஞ்சிய பிறகு, தரம் கேட்கிற எல்லை 155 பாகைதான். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான், நாமோ கடற்கரையில் இருக்கிறோம். வருடக்கணக்கில் ஒயில் மாற்றாத காரை நேரே தடத்தில் விடுவது ஆபத்து, அது எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் சரி. டொட் 5.1 போட்டால் புதிதில் 260, ஈரத்தோடு 180. டொட் 5 என்று தனியாக விற்பது சிலிக்கன் ஒயில். அது மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் காருக்கு அதை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது பேட். முழுப் பந்தயப் பேட் சூட்டுக்காகவே செய்யப்பட்டது. ஆறியிருக்கும்போது அதன் பிடி குறைவு, சத்தமும் போடும், டிஸ்க்கையும் அரிக்கும். தடத்தில் அது ராஜா, ஹபரணையில் நம்ப முடியாது. வீதிக்கும் தடத்துக்கும் பொதுவாகச் செய்த பேட்தான் நம் பயணத்துக்குச் சரி. பந்தயப் பேட்தான் வேண்டுமென்றால் அங்கே போய் மாட்டி, கிளம்பும் முன் கழற்றுங்கள். சாதாரண கலிப்பரில் அது பெரிய வேலையில்லை. எந்தப் பேட் போட்டாலும், டிஸ்க்கோடு படியும்படி முறையாக மிதித்துப் பழக்கி எடுத்த பிறகே வேகம் பிடிக்க வேண்டும்.

முழு கிட்டின் உண்மையான பலன் வெப்பத்தைத் தாங்குவதுதான். பெரிய டிஸ்க்கில் இரும்பு அதிகம், அதனால் சூடு மெதுவாக ஏறும், காற்றும் நன்றாகப் படும். ஆனால் சக்கரத்தின் எடை கூடும், பழைய ரிம் பொருந்தாமல் போகலாம். பொருத்தமில்லாத கிட் போட்டால் முன்பின் பிரேக் சமநிலை கெட்டு, பின் சக்கரம் தன் பங்கைச் செய்யாது. டிஸ்க்கில் வெடிப்பு விழுந்தால் மாற்று டிஸ்க் வெளிநாட்டிலிருந்து வரும் வரை கார் வீட்டில்தான். துளை போட்ட டிஸ்க் அழகுதான், ஆனால் கடும் சூட்டில் வெடிப்பு துளையிலிருந்துதான் ஓடத் தொடங்கும். பின்னலிட்ட ஸ்டீல் ஹோஸ் பெடலைக் கெட்டியாக்கும், ஆனால் சூட்டைக் குறைக்க அது உதவாது.

சரி, எதை எடுப்பது? ஸ்விஃப்ட், விட்ஸ் மாதிரி எடை குறைந்த கார், வீதி டயர், ஒரு தடவைக்கு நாலைந்து சுற்று என்றால் இரண்டாவது வழிதான் என்று அடித்துச் சொல்வேன். பின்னால் டிஸ்க்குக்குப் பதில் ட்ரம் பிரேக் இருந்தாலும் பரவாயில்லை. புது ஒயிலும் நல்ல பேடும் போட்டு, கடைசிச் சுற்றைப் பிரேக் மிதிக்காமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டால் அந்த பிரேக்குகள் நன்றாகவே உழைக்கும்.

காசு செலவழிக்கும் முன் கலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவுகிற ஸ்லைட் பின்னைக் கழற்றிப் பார்க்கவும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடல் காற்றில் நிற்கிற கார்களில் அது துருப்பிடித்து இறுகுவது சகஜம். இறுகினால் பேட் எப்போதும் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும், தடத்துக்குப் போகும் முன்பே பிரேக் சூடாகியிருக்கும். கிரீஸ் போட்டு அதைச் சரிசெய்வது மலிவான வேலை.

கிட் பற்றிய யோசனை செமி ஸ்லிக் டயர் (தடத்துக்கென்று செய்த, பிடி கூடிய டயர்) போட்ட பிறகு வரட்டும். அப்போது வளைவுக்கு இன்னும் வேகமாக வந்து, இன்னும் பிந்தி மிதிப்பீர்கள், டிஸ்க்குக்கு ஆறும் நேரம் குறையும். எடையும் குதிரைவலுவும் கூடிய கார் என்றாலும் அப்படித்தான். நல்ல பேடும் புது ஒயிலும் இருந்தும் இரண்டாம் மூன்றாம் சுற்றிலேயே பிரேக் தளர்கிறதென்றால், அந்தக் காருக்கு பெரிய டிஸ்க் தேவைப்படுகிறது.