போர் விமானம் படமெடுக்க 100-400ஆ, 200-600ஆ?

சோனி கேமராவோடு விமானக் காட்சிகளுக்குப் போகிறவர்கள் என்றாவது ஒரு நாள் 100-400 மி.மீ., 200-600 மி.மீ. என்ற இந்த இரண்டு ஜூம் லென்ஸ்களுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். எண் கூடக் கூடத் தூரத்து விமானம் படத்தில் பெரிதாகும். நானும் நின்றேன். பெங்களூரு யெலஹங்கா விமானப்படைத் தளத்தில் 2023 ஏரோ இந்தியா விமானக் காட்சி முடிந்ததும் சோனியின் 100-400 ஜி மாஸ்டரை வாங்கினேன். அதற்கப்புறம் 2024 அக்டோபரில் மெரினா விமானப்படைக் காட்சி, 2025 பிப்ரவரியில் மறுபடி யெலஹங்கா என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்வந்திருக்கிறேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேரிடம் 200-600 இருக்கிறது. யெலஹங்காவில் ஒரு நாள் முழுக்க நண்பர் ஒருவரோடு லென்ஸை மாற்றிக்கொண்டு எடுத்தேன். 200-600 பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு நாளை வைத்துத்தான்.

விலையில் 200-600 மலிவு. படத்தின் தெளிவில் இரண்டையும் குறை சொல்ல முடியாது. 200-600 ஜூம் செய்யும்போது நீளாது, வளையத்தைக் கொஞ்சம் திருப்பினாலே கடைசி வரை போய்விடும். இந்த வசதி என் லென்ஸில் இல்லை.

இனி எட்டும் தூரம். சுகோய் 30 கிட்டத்தட்ட 22 மீட்டர் நீளம். அது 500 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் பறந்தால், முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம், 36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 400-இல் படத்தின் அகலத்தில் பாதியை நிறைக்கும். 600-இல் முக்கால்வாசி. காகிதத்தில் பார்த்தால் 600 ஜெயித்துவிட்டது. ஆனால் யெலஹங்காவில் படமெடுப்பது காகிதத்தில் அல்ல, கானலில்.

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெயில் ஏற ஏற ரன்வே கான்கிரீட் சுடுகிறது. அதன் மேல் சூடான காற்றும் அவ்வளவு சூடில்லாத காற்றும் கலந்து புரள்கிறது. அதன் வழியாக வரும் ஒளி நேராக வராமல் வளைந்து வளைந்து வருகிறது. விமானம் எவ்வளவு தொலைவோ, ஒளி அந்தக் காற்றைக் கடக்கும் தூரமும் அவ்வளவு. 600 விமானத்தைப் பெரிதாக்கும்போது இந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அன்று காலை முதல் சில விமானங்கள் 600-இல் அருமையாக வந்தன, வால் எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது. பதினொரு மணிக்கு மேல் ரன்வேயில் ஓடிய விமானங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. ஷட்டர் 1/2000 வினாடி, ஃபோகஸ் சரியாகத்தான் விழுந்திருந்தது. ஆனாலும் விமானம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல இருந்தது. விலை உயர்ந்த எந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. விமானம் உயரே போய்விட்டால் தொல்லை குறைகிறது, அது உண்மை. ஆனால் உயரே போனதும் காட்சியே வேறாகிவிடுகிறது. விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் ஒன்பது ஹாக் விமானங்கள் வரும்போது 200-இல் விமானங்கள் அடங்கின, பின்னால் இழுத்த புகை அடங்கவில்லை. ஆளுக்கொரு திசையில் பிரிந்தபோது நண்பரின் லென்ஸோடு நான் வெறுமனே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் என் லென்ஸை 100-இல் வைத்து அத்தனையையும் எடுத்துவிட்டார்.

எடையையும் சின்ன விஷயமாக நான் எண்ணுவதில்லை. முக்காலிப் பிடி இல்லாமல் 100-400 1,395 கிராம், 200-600 2,115 கிராம். கூட்டத்தில் முக்காலி விரிக்க இடம் கிடைக்காது, கையில்தான் பிடிக்க வேண்டும். மெரினா காட்சி நாளில் அந்தக் கூட்டத்திலும் வெயிலிலும் சிக்கி ஐந்து பேர் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து பையில் மிச்சமாகும் 720 கிராமுக்குத் தண்ணீர் பாட்டில்தான் வைக்கிறேன்.

தேஜஸ் விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் ஆறவில்லை. 13 மீட்டர் விமானம், 400-இல் சின்னதாகத்தான் விழுகிறது. படத்தின் ஓரங்களை வெட்டித்தான் பெரிதாக்குகிறேன், 61 மெகாபிக்சல் கேமரா இருப்பதால் தாங்குகிறது. 24 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவருக்கு இதே பதிலைச் சொல்லத் தயங்குவேன். பறவைகளையும் எடுப்பவர், விடியற்காலையிலேயே வேலையை முடிப்பவர் என்றால் 200-600 வாங்கலாம். விமானக் காட்சிக்காக மட்டும் என்றால், முதலில் ஒரு நண்பரிடம் அதை வாங்கி, காலை பத்து மணிக்கு அல்ல, மத்தியானம் இரண்டு மணிக்கு ரன்வேயைப் பார்த்து நான்கு படம் எடுத்துப் பாருங்கள்.