பொலிஸ் முறைப்பாடா, பாதுகாப்புக் கட்டளையா?

கொழும்பில் வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, வீட்டில் அடி விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது பொலிஸ். அந்த நேரத்து ஆபத்துக்கு அதுதான் சரி, 119. ஆனால் முறைப்பாடு பல தடவை "சமாதானமாகப் போங்கோ" என்ற அறிவுரையோடு நின்றுவிடும்.

இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கும் பாதுகாப்புக் கட்டளை வேறு வகை. கணவரை உள்ளே தள்ளுவது அதன் நோக்கமல்ல (பலர் பயப்படுவது இதற்குத்தான்). வீட்டுக்கு வராதே, தொந்தரவு செய்யாதே என்று தடுப்பதே. கடுமையான மனத் துன்புறுத்தலும் அடங்கும். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு முழுக் கட்டளை, அது அதிகபட்சம் 12 மாதம். மீறினால்தான் சிறையோ தண்டப்பணமோ.

என் பார்வையில், அடி தொடர்கிறதென்றால் கட்டளையே மேல். உங்கள் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். வழி கேட்க, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.