பரிசு நகை: வாங்கும் அன்றும் ஐந்து வருடம் கழித்தும்

காதுகுத்துக்கு ஒரு கிராம் கம்மல், பேத்திக்கு அரை கிராம் மோதிரம், தங்கைக்கு வைர மூக்குத்தி. தி.நகர் உஸ்மான் சாலையின் பெரிய கடைகளில் பரிசு என்று கேட்டதும் தட்டில் எடுத்து வைப்பது பெரும்பாலும் இந்த எடைதான். தங்கத்தின் தூய்மையைக் காட்டும் ஹால்மார்க் முத்திரை கட்டாயமில்லாத எடையும் இதுதான். 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி. எனப்படும், ஒவ்வொரு நகைக்கும் தனியான ஆறு இலக்க எண் இல்லாத நகையை விற்கக் கூடாது என்பது விதி. ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. பரிசு வாங்குவோர் பலருக்கு இது தெரிவதில்லை.

எனவே சின்ன நகை என்றாலும் முத்திரை உள்ளதையே கேளுங்கள். முத்திரைக் கட்டணம் ஒரு நகைக்குச் சில பத்து ரூபாய்தான். மோதிரத்தில் உள்பக்க வளைவிலும், செயினில் கொக்கிக்கு அருகிலும், கம்மலில் பின்தகட்டிலும் தேடினால் கிடைக்கும். வெறுங்கண்ணுக்கு ஒரு கீறல் மாதிரி இருக்கும். கடையில் லென்ஸ் கேளுங்கள், தருவார்கள். பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணம், 22 கே 916 என்ற தூய்மைக் குறி, பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம் என மூன்றும் தெரிய வேண்டும். அந்த ஆறு இலக்கத்தை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் எந்த மையத்தில் சோதித்தார்கள், என்ன வகை நகை, என்ன தூய்மை என்று வரும். கையில் மோதிரம் இருக்க, செயலி கம்மல் என்று காட்டினால் அதை வாங்காதீர்கள்.

அடுத்தது சேதாரம். கணக்குக்குச் சுலபமாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 கிராம் கம்மல், சேதாரம் 12 சதவீதம் என்றால் 4.48 கிராமுக்குப் பணம், அதாவது 44,800. அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம் 1,344. மொத்தம் 46,144. நாளை இதே விலையில் அதே கடையில் மாற்றினால் 4 கிராமுக்கான 40,000தான் கணக்கில் வரும். 6,144 ரூபாய் கைவிட்டுப் போகிறது. அதே 4 கிராமைத் தங்கக் காசாக 3 சதவீத செய்கூலியில் வாங்கினால் வரியோடு 42,436. பெறுபவர் போட்டுக்கொள்ளப் போகிறாரா, பெட்டியில் வைக்கப் போகிறாரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டிக்குத்தான் என்றால் காசு. போட்டுக்கொள்வார் என்றால் அந்த ஆறாயிரம் வேலைப்பாட்டுக்குக் கொடுத்த விலை, அதில் தவறில்லை. நகைச் சீட்டில் சேர்ந்திருப்பவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: பல கடைகளில் சீட்டுப் பணத்துக்குத் தங்கக் காசு தரமாட்டார்கள், நகைதான்.

கல் வைத்த நகையில் மொத்த எடை, நிகர எடை இரண்டும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லின் எடைக்குத் தங்க விலை போட்டுவிட்டால் அந்தப் பணம் என்றைக்கும் திரும்பாது. பில் போடும் முன் எஸ்டிமேட் சீட்டு எழுதித் தருவார்கள். சேதாரத்தைக் குறைக்கக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். தயங்காமல் கேட்கலாம், குறைப்பார்கள். பண்டிகை நாளிலும் அட்சய திருதியை அன்றும் இதற்கெல்லாம் யாருக்கும் பொறுமை இருக்காது. வாரநாள் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

சில வருடம் போட்ட பிறகு எது நிற்கிறது, எது போகிறது?

கம்மலில் முதலில் போவது திருகாணியின் மரை. கையால் மரை வெட்டிய திருகாணி ஒவ்வொன்றும் அதனதன் தண்டுக்கு மட்டுமே பொருந்தும். இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தால் இரண்டும் தேய்ந்து, ஒரு நாள் தலை துவட்டும்போது துண்டோடு கம்மலும் போய்விடும். வாங்கும்போதே திருகிப் பாருங்கள். மூன்று நான்கு சுற்றாவது பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஒரே சுற்றில் தொளதொளவென்று உட்கார்ந்தால் வேறு ஜோடி எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு என்றால் திருகின் பின்பக்கம் உருண்டையாக இருக்கட்டும், படுக்கும்போது குத்தாது.

செயினில் பிரச்சினை கொக்கியும் அதை ஒட்டிய வளையமும். பார்வைக்குத் தடியாகவும் கைக்கு லேசாகவும் இருக்கும் செயின் உள்ளே பொள்ளல். நசுங்கினால் நிமிராது, அறுந்தால் பற்றவைப்பதும் கடினம், தகடு அவ்வளவு மெல்லியது. தினம் போடுபவருக்குப் பரிசு என்றால் நீளத்தைக் குறைத்துக்கொண்டு கெட்டிக் கம்பிச் செயினாக எடுப்பது நல்லது.

பழைய நகை போலக் கருமை ஏற்றிய ஆன்டிக் பாலிஷ் நகை கண்ணைப் பறிக்கும். சேதாரமும் அதிகம். உரசும் இடங்களில் அந்தக் கருமை போய் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். அரக்கில் கல் பதித்திருந்தால் வெந்நீர் கூடவே கூடாது. அரக்கு இளகிக் கல் ஆடும். வெள்ளைத் தங்க மோதிரத்தில் மேலே இருப்பது ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தின் பூச்சு. அது தேய்ந்ததும் லேசான மஞ்சள் எட்டிப் பார்க்கும், மறுபடி பூச வேண்டும். முத்துக்கு எதிரி வியர்வையும் சென்ட்டும்.

வைரத்துக்கு ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. என்ற வைரச் சோதனை நிறுவனத்தின் சான்றிதழ் கேளுங்கள். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், 100 சென்ட். இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று சான்றிதழிலேயே எழுதியிருக்கும். இரண்டும் உண்மையான வைரம்தான், ஆனால் திரும்பக் கொடுக்கும்போது கிடைக்கும் விலை ஒன்றல்ல. கடை எத்தனை சதவீதத்துக்குத் திரும்ப எடுக்கும் என்பதை வாயால் கேட்டால் போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பரிசுக்கு மோதிரம் வாங்குவோர் தடுமாறுவது அளவில். நம் ஊர் அளவு எளிது: மோதிரத்தின் உள்சுற்று மில்லிமீட்டரில் எவ்வளவோ, அதில் 40 கழித்தால் அளவு எண். 54 மி.மீ. என்றால் 14. அவர் போடும் பழைய மோதிரத்துக்குள் ஒரு காகிதத் துண்டைச் சுருட்டி விட்டு, ஓரத்தில் கோடு போட்டு அளந்தால் போதும். வளையலில் 2.4 என்றால் இரண்டே கால் அங்குலம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பதினாறில் எத்தனை என்ற கணக்கு. கல் அடர்த்தியாகச் சுற்றிலும் பதித்த மோதிரத்தைப் பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. அளவு தெரியாதபோது அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

வெள்ளியில் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், காமாட்சி விளக்கு, பிள்ளைக்குப் பாலாடை, கொலுசு என்று எடைக்கு விற்பவை வருடக்கணக்கில் மதிப்போடு இருக்கும். எடை போடாமல் ஒரே விலை ஒட்டி, அழகான டப்பாவில் வரும் சாமி சிலைகளைப் பற்றிக் கேட்க வேண்டும்: இதில் வெள்ளி எத்தனை கிராம்? பெரும்பாலும் உள்ளே வெற்றிடமோ பிசினோ, மேலே மெல்லிய தகடு. பூஜை அலமாரிக்கு அழகுதான், சேமிப்பு என்று நினைத்துக் கொடுக்கக் கூடாது. வெள்ளி கறுப்பதற்குக் காற்றிலுள்ள கந்தகம் காரணம். ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு, அதைச் சுற்றி வைத்தால் கோடு கோடாகக் கறுக்கும். துடைத்துக் காயவைத்து ஜிப் கவரில் போட்டால் போதும். வெறும் பாத்திரத்தைத் துலக்க விபூதி நல்லது. எனாமல் வேலை இருந்தால் மெல்லிய துணி மட்டும்.

கொடுக்கும்போது விலைச் சீட்டை எடுத்துவிடலாம், பில்லை எடுக்காதீர்கள். நகல் ஒன்று நீங்கள் வைத்துக்கொண்டு அசலை உறையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். அளவு சரிசெய்யவும், திருகாணி மாற்றவும், வேறு நகையாக மாற்றவும் கடை முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். பில்லைப் பெறுபவர் பெயரிலேயே போட்டுவிட்டால் அவர் தனியாகப் போய்க் கேட்கும்போதும் சிக்கல் வராது. 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பான் எண் வேண்டும், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகவும் வாங்க மாட்டார்கள். அந்த அளவுப் பரிசுக்குப் பில் பணம் கட்டுபவர் பெயரில் இருப்பதே நல்லது.