நிறுத்திப் பார்த்து வாங்குங்கள்: டிரெய்லரில் இழுத்துப் போகும் டைவ் படகு, சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

படகு விற்கிறவர் முதலில் வேகத்தைத்தான் சொல்வார். வாங்க வருகிறவரும் முதலில் அதைத்தான் கேட்பார். ஸ்கூபா குழுவுக்குப் படகு தேடுகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். டைவ் படகு ஓடும் நேரம் கொஞ்சம். நிற்கும் நேரம்தான் அதிகம். அது நிற்கும்போதுதான் எல்லாரும் உபகரணம் மாட்டுகிறார்கள், ஒரே பக்கம் கூடுகிறார்கள், தண்ணீரில் குதிக்கிறார்கள், களைத்துப்போய் ஏறுகிறார்கள். அந்த நேரத்தில் அலையில் படகு எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே எங்கள் படகைத் தேர்ந்தெடுத்தோம். இத்தனை நாள் ஓட்டிய பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை.

எங்களுடையது 5.8 மீட்டர் நீள ரிப் (RIB), அதாவது கெட்டியான அடிப்பகுதியும் சுற்றிலும் காற்றுக் குழாயும் கொண்ட படகு. அடிப்பகுதி அலுமினியம், குழாய் ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் துணி. பின்னால் 100 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்ட், அதாவது வெளியே மாட்டும் இன்ஜின். இரண்டும் செகண்ட் ஹேண்ட். இன்ஜினுக்குப் படகைவிட வயது குறைவு. பட்ஜெட் சிறியது என்றால் நான் சொல்வதும் அதேதான்: பழைய படகு, புதிய இன்ஜின். பழைய படகில் உள்ள குறை கண்ணுக்குத் தெரியும். பழைய இன்ஜினில் உள்ள குறை கரையிலிருந்து தொலைவில் போன பிறகுதான் தெரியும்.

தேடத் தொடங்கியதும் நாங்கள் முதலில் போட்டது எடைக் கணக்கு. படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் எட்டுப் பேர் என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் ஆளுக்கு 75 கிலோ என்ற கணக்கு. டைவர் அப்படி வெறுங்கையோடு வருவதில்லை. 80 கன அடி அலுமினிய சிலிண்டர் ஒன்று, காற்று நிரப்பிய நிலையில், சுமார் 17 கிலோ. ஒரு நாளில் இரண்டு டைவ் என்றால் ஆளுக்கு இரண்டு சிலிண்டர், 34 கிலோ. பிசிடி (மிதக்க உதவும், காற்று நிரப்பும் ஜாக்கெட்), ரெகுலேட்டர் (சிலிண்டரிலிருந்து மூச்சுவிடும் கருவி), வெட்சூட், ஃபின்ஸ், ஈயக்கட்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு 20 கிலோ. ஆக, ஒரு டைவர் ஏறினால் சுமார் 130 கிலோ. ஐந்து டைவரும் ஓர் ஓட்டுநரும் சேர்ந்தால் 700 கிலோவைத் தாண்டிவிடும். 100 லிட்டர் பெட்ரோல் 74 கிலோ. அப்புறம் நங்கூரம், சங்கிலி, குடிநீர், ஆக்சிஜன் பெட்டி. தகட்டில் ஆள் எண்ணிக்கையோடு மொத்தச் சுமையும் கிலோவில் எழுதியிருக்கும். அந்தக் கிலோவைப் பாருங்கள். எட்டுப் பேருக்கான படகு என்று விற்கப்படுவது டைவ் குழுவுக்கு நாலைந்து பேர் படகாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு எடை ரோட்டில் இருக்கிறது. படகு, இன்ஜின், பெட்ரோல், டிரெய்லர் எல்லாம் சேர்த்து எங்களுடையது 1,200 கிலோவை ஒட்டி வருகிறது. பல நாடுகளில் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். 2.5 மீட்டர் அகலத்தைத் தாண்டினால் ரோட்டில் அனுமதிச் சிக்கல் வேறு. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள இழுவை வரம்பை முதலில் பார்த்துவிட்டு, அதில் முழுவதையும் நிரப்பாத படகைத் தேடுங்கள். சிலிண்டரையும் ஈயத்தையும் படகில் வைத்து இழுக்காமல் வண்டிக்குள் ஏற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். டிரெய்லரின் பின்பக்கம் கனத்தால் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும்; அதை ஒருமுறை கண்ணாடியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சரி, ஏன் ரிப்? ஓட்டுமேடை (கன்சோல்) நடுவில் இருக்கும் ஃபைபர் படகுகளையும் முழு அலுமினியத் திறந்த படகுகளையும் நண்பர்களோடு போய் ஓட்டிப் பார்த்தோம். ஃபைபர் படகு ஓடும்போது சுகம். ஆழமான வி வடிவ அடிப்பகுதி அலையை வெட்டிக்கொண்டு போகும். நின்றதும் அதே வி வடிவம் பக்கவாட்டில் உருளும். இரண்டு பேர் சிலிண்டரோடு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தால் விளிம்பு தண்ணீரை நோக்கிச் சாயும். பக்கச்சுவர் உயரம் என்பதால் ஏறுவதும் கஷ்டம். முழு அலுமினியப் படகு இலேசானது, விலையும் தோது, முரட்டுத்தனத்தைத் தாங்கும். ஆனால் அடி தட்டையாக இருந்தால் எதிரலையில் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். ரிப்பில் வி அடிப்பகுதி இருந்தாலும், நிற்கும்போது சுமையோடு சற்றுத் தாழ்ந்து, இருபுறக் குழாயும் தண்ணீரைத் தொட்டுக்கொள்கிறது. யார் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கக் குழாய் தாங்கிவிடுகிறது. ரிப் என்ற வடிவமே 1960களில் வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியில், மீட்புப் படகு வேலைக்காக உருப்பெற்றது. தண்ணீரில் கிடக்கும் ஆளைத் தூக்கி ஏற்றுவதற்காகச் செய்ததுதான் டைவருக்கும் பொருந்துகிறது.

குழாயின் மேல் உட்கார்ந்து, எண்ணி, எல்லாரும் ஒரே நேரத்தில் பின்பக்கமாக உருண்டு இறங்கலாம். எதிரெதிரே சம எண்ணிக்கையில் உட்கார வைத்தால் படகு ஆடுவதுகூட இல்லை. மேலே வந்த பிறகு குழாயில் ஓடும் கயிற்றைப் பிடித்தபடி, ஈயத்தையும் பிசிடியையும் தண்ணீரிலேயே கழற்றி மேலே கொடுத்துவிட்டு, ஃபின்ஸால் ஓர் உதை கொடுத்து வயிற்றால் சரிந்து உள்ளே வரலாம். அழகாக இருக்காது, வேலை ஆகும். ஆனால் எல்லாராலும் முடியாது. தோள்வலி உள்ள ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அவருக்காக வாங்கியதுதான் நாங்கள் செய்த செலவிலேயே உருப்படியானது: நடுவில் ஒற்றைத் தண்டும் இருபுறம் நீட்டிய படிகளும் கொண்ட ஏணி. ஃபின்ஸைக் கழற்றாமலேயே ஏறலாம். கடைசிப் படி தண்ணீருக்குள் முக்கால் மீட்டராவது இறங்க வேண்டும். சாதாரண நீச்சல் ஏணியில் இரண்டே படிதான் தண்ணீருக்குள் போகும். முதுகில் சிலிண்டரோடு அதில் காலை வைக்கவே முடியாது.

ஏணி பின்பக்கம் ப்ரொப்பெல்லருக்குப் பக்கத்தில் வந்தால் ஒரே விதிதான், எங்களிடம் அதற்கு விலக்கு கிடையாது: ஆள் நெருங்கினால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். நியூட்ரல் போதாது. டைவர் கீழே இருக்கும்போது ஒருவர் கட்டாயம் படகில் இருப்பார். டைவர் கீழே இருக்கிறார் என்று மற்ற படகுகளுக்குச் சொல்லும், நீலமும் வெள்ளையுமான ஆல்ஃபா கொடி ஏறியிருக்கும். கொடித்துணி காற்றில்லாத நாளில் துவண்டு கம்பத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் விறைப்பான பலகையில் செய்ததையே வைத்திருக்கிறோம்.

சிலிண்டர் அடுக்கி நிற்க வைக்கும் ராக் இல்லாத ரிப்பை வாங்காதீர்கள், அல்லது அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். உருண்டோடும் சிலிண்டர் கால்விரலையும் வால்வையும் ஒருசேர உடைக்கும். எங்களுடையதில் நடுவில், கன்சோலுக்குப் பின்னால், இரண்டு வரிசை ராக் இருக்கிறது. எடை நடுவில் நிற்பதால் படகு சமமாக ஓடுகிறது. ராக் எடுத்துக்கொண்ட இடத்தில் உட்கார இடம் போய்விட்டது என்று குழுவில் ஒருவருக்கு இன்னும் மனக்குறை. படகில் இடம் ஒருபோதும் போதாது. அந்த விவாதத்தை நாங்கள் விட்டுவிட்டோம்.

குறைகளுக்கு வருவோம். முதலாவது குழாய். வெயிலில் நிற்கும் டிரெய்லரில் காற்றடித்தால் கல் மாதிரி இருக்கும்; தண்ணீரில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் குளிர்ந்து தொய்ந்துவிடும். அதனால் இறக்கிய பிறகு ஒருமுறை அழுத்தம் பார்த்து நிரப்புகிறோம், திரும்பி டிரெய்லரில் ஏற்றியதும் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறோம். எங்கள் தயாரிப்பாளர் சொல்வது சுமார் 0.25 பார். சிலிண்டரின் அடியும் ஃபின்ஸும் உரசும் இடங்களில் மேல்துணி தேய்ந்திருக்கிறது. அங்கே தேய்மான ஒட்டுத்துணி போட்டோம். பின்முனைக் கூம்பின் ஒட்டு ஓரிடத்தில் பிரிந்தது, இருகூட்டுப் பசையால் சரியாகிவிட்டது. ஹைப்பலானில் இந்த வேலையை நாமே செய்யலாம். பிவிசி குழாய் மலிவு, ஆனால் கடும் வெயிலில் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கத் தொடங்கும், அதற்கான பசையும் வேறு. நிழலில் நிறுத்த இடம் இருந்தால் பிவிசியும் மோசமில்லை.

இரண்டாவது, உப்பும் அலுமினியமும். ஈயக்கட்டியையோ பித்தளைக் கொக்கியையோ ஈரத்தோடு அலுமினியத் தரையில் விட்டால் அந்த இடத்தில் அரிப்பு குழி தோண்டும். தரையில் ரப்பர் விரிப்பு போட்டு, ஈயத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கிறோம். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்டை அலுமினியத்தில் அடிக்கவே கூடாது. டிரெய்லரில் உலரும் படகுக்கு அந்தப் பெயின்டே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது டிரெய்லர். படகைவிட அதிகம் தொல்லை கொடுத்தது இதுதான். நீண்ட தூரம் ஓடிச் சூடான சக்கர மையத்தை நேராகக் கடலில் இறக்கினால், அது குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே உப்புத்தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் சீக்கிரம் போய்விடும். வந்து சேர்ந்ததும் உபகரணத்தை எடுத்து வைப்பது, யார் யாருடன் இறங்குவது என்று பேசுவது, இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் இறக்குகிறோம். அதற்குள் ஆறிவிடும். பெயின்ட் அடித்த டிரெய்லரைத் தவிர்த்து, துத்தநாகப் பூச்சு உள்ளதையே கேளுங்கள். உதிரிச் சக்கரமும் கிரீஸ் போட்ட ஒரு ஜோடி பேரிங்கும் வண்டியில் எப்போதும் இருக்கும்.

இன்ஜினில் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுவது, 100 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வீஸ், குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் இம்பெல்லரை மாற்றுவது, அவ்வளவுதான். முழுச் சுமையில் இன்ஜின் அதற்கு உரிய உச்சச் சுழற்சியைத் தொடவில்லை, படகும் தண்ணீரிலிருந்து எழும்பத் திணறியது. ப்ரொப்பெல்லரின் பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரத்தை, இரண்டு அங்குலம் குறைத்தோம். உச்ச வேகம் கொஞ்சம் போனது, திணறலும் போனது. முழு விசையில் இந்த அளவு இன்ஜின் மணிக்கு 35 லிட்டருக்கு மேல் குடிக்கும். நிதானமாக ஓட்டினால் கிட்டத்தட்ட பாதி. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய கணக்கில்தான் எங்கள் தூரத்தைத் தீர்மானிக்கிறோம்.

நீண்ட பயணமாக இருந்தால், குழுவில் ஆறேழு டைவர்கள் இருந்தால், அல்லது வெயில் மழைக்கு ஒதுங்க இடம் வேண்டுமென்றால் இந்த அளவு ரிப் போதாது. அப்போது டிரெய்லர் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, தேவைப்படும் நாளில் வாடகைப் படகில் போவது மலிவாக முடியலாம்.

பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் ஒரு சுத்தியலின் பிடியை எடுத்துப் போங்கள். இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகையை, அது ஃபைபரும் ஒட்டுப்பலகையும் ஆக இருந்தால், தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வந்தால் உள்ளே பலகை இற்றிருக்க வாய்ப்பு உண்டு. இன்ஜினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, பின்பலகை கூடவே வளைகிறதா என்று கவனியுங்கள். மெக்கானிக்கை வைத்து இன்ஜினின் எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்புறம் படகைத் தண்ணீரில் இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, கூட வந்த எல்லாரையும் ஒரே பக்கம் உட்காரச் சொல்லுங்கள். உரிமையாளர் அதற்கு மறுத்தால் அடுத்த படகைப் பார்க்கப் போய்விடலாம்.