பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நினைவு மலர் அச்சகம்

என் தந்தையாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கான மலரை, எம்.சி. சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றின் மாடியில் இயங்கும் சிறிய அச்சகத்தில் தயாரித்துக்கொண்டோம். டெம்மி அளவில் 32 பக்கங்கள், உள்ளே மேப்லித்தோ தாள், நடுவில் நான்கு பக்கம் மட்டும் ஆர்ட் தாளில் வண்ணப் படங்கள், 200 பிரதிகள் என்ற கணக்கில் எல்லாம் சேர்த்து 15,500 ரூபாய் ஆயிற்று. இதைவிட மலிவாக அடித்துத் தருபவர்கள் தங்கசாலைப் பக்கம் இருக்கிறார்கள். நான் கூடுதலாகக் கொடுத்த பணம் அச்சுக்கு அன்று, அங்கே மெய்ப்பு (புரூஃப்) பார்க்கும் பெரியவருக்கு என்றுதான் கணக்கிட்டுக்கொள்கிறேன்.

தந்தையார் 1966இல் பெங்களூரில் இராணுவத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சேப்பர்ஸில் சேர்ந்து, 1981இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். பின்னர் ஆசிரியர் பயிற்சி முடித்து, மாநகராட்சிப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக நுழைந்து, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக 2006இல் பணி நிறைவு பெற்றார். இந்த இரண்டு வாழ்க்கையையும் நான்கு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். “ஆயிரக்கணக்கான மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்றிய உத்தமர்” என்று தொடங்கியிருந்தேன். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து தொழிலில் இருக்கும் அந்தப் பெரியவர், பென்சிலால் அந்த வரியைச் சுழித்துவிட்டு, “இதுக்கு எழுத்துல ஏதாச்சும் இருக்கா சார்?” என்று கேட்டார். எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, அமெரிக்காவின் ஒகாயோவில் வசிக்கும் என் தங்கை முன்பு அனுப்பிய ஒரு தாளின் படம் நினைவுக்கு வந்தது. கொரியப் போரில் பணியாற்றித் திரும்பி, அவ்வூர்ப் பள்ளிகளின் நிர்வாகியாக இருந்து மறைந்த முதியவர் ஒருவரின் இறுதிச் சடங்கில் கொடுத்த தாள் அது. போர் வீரர்களுக்கான 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிடைத்த உதவித்தொகையில் அவர் கல்லூரியில் படித்தது, ஆசிரியரானது, பள்ளி முதல்வரானது, பிறகு அந்தப் பகுதிப் பள்ளிகள் அனைத்துக்கும் கண்காணிப்பாளரானது எல்லாம் ஆண்டு வாரியாக இருந்தன. அடைமொழி ஒன்றுகூட இல்லை. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது பெரியவர் கண்ணாடியைக் கழற்றாமலே படித்துவிட்டு, “இப்படித்தான் இருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

இந்த அச்சகத்தின் சிறப்பு எனக்கு முழுமையாகத் தெரிந்தது, 1971 போரைப் பற்றிய பத்தியில்தான். அப்பா பாகிஸ்தான் எல்லையில் இருந்ததாகச் சொல்லுவார். நாங்களும் பஞ்சாப் என்றே நினைத்திருந்தோம், அப்படியே எழுதியும் இருந்தேன். பெரியவர், இராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பதக்கங்களின் பட்டியலில் ‘பூர்வி ஸ்டார்’ என்று இருப்பதை விரலால் காட்டினார். மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், கிழக்கில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார் என்று, முன்னாள் இராணுவத்தினர் பலருக்கு மலர் அடித்த பழக்கத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா சொன்ன பாகிஸ்தான், அன்றைய கிழக்குப் பாகிஸ்தான். சேற்றையும் ஆற்றையும் பாலம் கட்டியதையும் பற்றியே அவர் ஏன் எப்போதும் பேசினார் என்பது, டிசம்பர் 16 அன்று டாக்காவில் போர் முடிந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, ஒரு மெய்ப்புத் தாளில் எங்களுக்கு விளங்கியது. அம்மா அன்று இரவு அந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

பள்ளி வாழ்க்கைப் பகுதியும் அதே முறையில் மாறியது. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போய்விட்ட பையன்களை விடியற்காலையில் துறைமுகத்துக்கே சென்று அழைத்து வருவார் என்று பொதுவாக எழுதியிருந்ததை, அப்படி வந்து படித்த மூவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் சொல்ல எழுதிச் சேர்த்தேன். ஒளியேற்றிய உத்தமர் மலரில் எங்கும் இல்லை.

குறைகளும் உண்டு. ஐந்து வாரம் என்று சொல்லி மூன்று நாள் தாமதித்தார்கள். ஆசிரியர்கள் வரிசையாக அமர்ந்த பழைய குழுப் படத்தை ஸ்கேன் செய்தவர், இடது ஓரத்தில் இருந்த இருவரைப் பாதியாக வெட்டிவிட்டார். நான் கவனித்துச் சொன்ன பிறகு அந்த நான்கு பக்கத்தை மட்டும் கட்டணமின்றி மீண்டும் அடித்துக் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள் எதிர்பார்த்ததைவிட இருண்டே விழுந்திருக்கின்றன. மாடிப்படி மிகக் குறுகலானது; முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று போன் செய்தால் பையன் ஒருவன் இறங்கி வந்து மெய்ப்பை வாங்கிச் செல்கிறான்.

பண்டிகைக் காலத்தில் எம்.சி. சாலைக்குள் வண்டியைக் கொண்டுபோக முடியாது. மெட்ரோவில் வந்து நடந்துவிடுவதே நல்லது. பெரியவர் மதியம் மூன்று மணிக்கு மேல்தான் வருகிறார். டிஸ்சார்ஜ் புத்தகம், பணிப் பதிவேட்டின் நகல், சான்றிதழ்கள் எது இருந்தாலும் முதல் நாளே எடுத்துச் செல்லுங்கள். எப்படியும் இரண்டாம் நாள் கேட்கத்தான் போகிறார்.