மொக்வாயும் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கையும்: போஸ்ட்-ராக்கின் இரு பாதைகள்

மொக்வாய் என்ற இசைக்குழு 1995இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தொடங்கியது. எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை குழு 1999இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் உருவானது. இரண்டும் வாசிப்பது போஸ்ட்-ராக்: ராக் கருவிகளை வைத்து, பெரும்பாலும் பாட்டு இல்லாமல், மெல்ல உச்சத்துக்கு ஏறும் இசை. பாடகரை நம்பாமல் இரண்டும் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டன.

மொக்வாய் தொடக்கத்திலேயே ராக் ஆக்‌ஷன் என்ற சொந்த இசை நிறுவனத்தை நிறுவியது. 1997இல் வந்த முதல் ஆல்பம் வேறு நிறுவன வெளியீடுதான். ஆனால் 2021 பிப்ரவரியில் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்த ஆல்பம் சொந்த நிறுவனத்தில் வந்தது. இந்த வகை இசைக்கு அது பெரிய வெற்றி. ஒலியிலும் சோதனைகள் உண்டு: சின்தசைசர், வோகோடர் என்ற கருவியில் இயந்திரக் குரல்போல் உருமாறிய குரல், திடீரென வெடிக்கும் ஃபஸ் (கரகரப்பாகச் சிதைந்த ஒலி) கிட்டார்.

ஆஸ்டின் குழுவைப் பரவலாக அறிமுகப்படுத்தியது சினிமா. டெக்சாஸின் ஒடெசா நகரப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிய 2004 படத்துக்கு இவர்கள் இசையமைத்தார்கள். கிட்டார் வாசிக்கும் மூவரும் பக்கத்து ஊரான மிட்லண்டில் வளர்ந்தவர்கள். அந்தப் பகுதியின் வெட்டவெளி இவர்கள் இசையிலேயே தெரிகிறது. டிலே (ஒலியை எதிரொலிபோல் திரும்ப ஒலிக்கவைக்கும் உத்தி) போட்ட தெளிவான கிட்டார்கள் அடுக்கடுக்காக ஏற, ஸ்னேர் டிரம் அணிவகுப்புபோல் நடத்திச் செல்லும். மூன்று கிட்டார்களும் ஒரே சுருதி எல்லையில் மோதினால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் ஒன்று மேல் ஸ்தாயியில் மெட்டைப் பிடிக்க, மற்றவை கீழே தாங்குகின்றன. ஆபத்து ஒன்றுதான்: உச்சம் எப்போது வரும் என்று பழகிய காது முன்பே கண்டுபிடித்துவிடும்.

நீண்ட பயணத்தில் எனக்கு மொக்வாய்தான் ஒரு படி மேல். ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் அமைதியான பகுதியில் ஒலியைக் கூட்ட வேண்டாம். உரத்த பகுதிக்கு ஏற்ப முதலிலேயே அளவை வைத்துக்கொள்ளுங்கள்.